நிறுத்தாமல் போன கார்

போன வருஷம் மாசி மாதம், மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய மண் பாதையில் நடந்தது இது.

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியாது. கால் நின்றால் கண் ஓடும். கண் நின்றால் மனசு ஓடும். அன்று காலை பத்து மணிக்குப் புதுச்சேரியில் ஒரு பள்ளியில் என் மனைவிக்கு இன்டர்வியூ. இருபது வருஷம் வீட்டிலேயே இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் அவள் போகும் முதல் இன்டர்வியூ. சீக்கிரமே கிளம்பினோம். பனிக்காக ஹெட்லைட் போட்டிருந்தேன். வெயில் பட்டு உப்புப் பாத்திகள் ஒவ்வொன்றாகக் கண் விழிப்பதைப் பார்த்ததும் மெயின் ரோட்டை விட்டுக் காரை இறக்கிவிட்டேன்.

“அஞ்சே நிமிஷம்.”

“உங்க அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா,” என்றவள், கண்ணை மூடிப் பதில்களை முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

அரை மணி நேரம் பாத்திகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ‘டிக்’. அவ்வளவுதான். ஹெட்லைட்டை அணைக்காமலே போயிருக்கிறேன். மணி எட்டே முக்கால். அவள் மடியில் இருந்த ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உப்பு வாரிக்கொண்டிருந்த நான்கு பெண்கள் வந்து தள்ளினார்கள். பதற்றத்தில் இரண்டு முறையும் கிளட்சைச் சீக்கிரம் விட்டேன். கார் குலுங்கி நின்றது.

“சாரு மாப்ள மாதிரி உள்ள குந்திக்கினு இருந்தா எப்படிம்மா. எறங்கித் தள்ளச் சொல்லு,” என்றாள் ஒருத்தி.

“எறங்குங்க, நான் ஓட்டறேன்,” என்றாள் மனைவி.

அவள் லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷம். மார்க்கெட்டைத் தாண்டி மெயின் ரோட்டில் நான் ஓட்டவிட்டதே இல்லை. பயமாக இருக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்குப் பயம் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தள்ளினோம். கார் உறுமி உயிர் பெற்றது. நான் ஏறுவதற்காக வேகத்தைக் குறைத்தாள். இன்ஜின் திணறியது.

“நிறுத்தாதம்மா. போயிடு, போயிடு,” என்று நால்வரும் கத்தினார்கள்.

போய்விட்டாள். என் செல்போனும் அதிலேயே போய்விட்டது.

வரப்பில் உட்கார்ந்தேன், எழுந்தேன், நடந்தேன். தூரத்தில் லாரி ஹாரன் கேட்கும்போதெல்லாம் மெயின் ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். “ஏன் சார், நீங்க நடக்குற நடைக்கு எங்க வரப்பே கரைஞ்சிடும்போல,” என்று சிரித்தார்கள்.

ஒரு மணிக்குக் கார் வந்தது. “திங்கக்கெழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க,” என்றாள். “வண்டியும் அங்க ஒரே சாவியில ஸ்டார்ட் ஆயிடுச்சு. ஏறுங்க.”

மறுநாள் மெக்கானிக் பானட்டைத் திறந்து பார்த்தார். “லைட்டு மட்டும் இல்லீங்க. கடல் காத்துல பேட்டரி டெர்மினல் வெள்ளையா பூத்துக் கெடக்குது. அதோட, மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டினா பேட்டரி எப்படிங்க சார்ஜ் ஏறும்? தூரமா ஓடணும்.”

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் உறைத்தது.

இப்போது தினமும் அவளே காரில் புதுச்சேரி போய் வருகிறாள். பேட்டரி ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. விளக்கை அணைக்க மறந்ததற்கு அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அந்த ஆறு வருஷத்துக்கு எப்படிக் கேட்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.