பிடிமண் எடுத்தது யார்

என் மகளுக்குப் பூ வைத்த ஒன்பதாம் நாள் பங்காளி அண்ணன் தோட்டத்துக்கு வந்தார். நான் திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் உட்காரவில்லை.

“ஏலே, மாப்பிள்ளை வீட்டுக்கு எந்தச் சாமின்னு கேட்டியா?”

“கடமலைக்குண்டுப் பக்கம் ஒரு கோயில்னு சொன்னாக.”

“அங்கன இருக்கது நம்ம சாமிடா. நம்ம கோயில்ல பிடிமண் எடுத்துட்டுப் போயி வச்சது. அப்ப அவன் நமக்குப் பங்காளி. ஒம் மகளுக்கு அண்ணன் மொற. அண்ணனுக்கா கட்டிக் குடுக்கப் போற?”

சொன்ன கையோடு அவர் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் பிழைக்க வெளியூர் போகிறவன் குலசாமி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு போவான். போன இடத்தில் அதை வைத்துக் கோயில் எழுப்புவான். ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பங்காளிக்குள் பெண் கொடுப்பதில்லை.

அண்ணன் சொன்னது உண்மையானால் கல்யாணம் கிடையாது. ஆனால் அவர் சொன்னதாலேயே எனக்குச் சந்தேகம். அவருடைய மச்சினன் மகனுக்கு என் மகளைக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“மேக்க இருந்து வந்த பிடிமண்ணுன்னு தெரியும் சம்பந்தி. யாரு எடுத்தா, எதுக்கு எடுத்தாக, அதெல்லாம் எங்கப்பாவுக்கே தெரியாது” என்றார்.

நிஜமாகத் தெரியாதா, தெரிந்தே மறைக்கிறாரா? அவர் மேலும் சந்தேகம் வந்தது. குறி சொல்லும் கோடாங்கியிடம் போனேன். செவ்வாய்க்கிழமை பங்காளி என்றார். வெள்ளிக்கிழமை இல்லை என்றார். அதோடு அவரையும் விட்டேன்.

மகள் தேனியில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். “ஆளுகளைக் கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுவாகப்பா. இங்கன லைப்ரரியில ஊர்ப் புத்தகமெல்லாம் தனியா வச்சிருக்காக. வந்து பாருங்க” என்றாள். மறுநாள் காலையில் “எப்ப வர்றீக?” என்று போன் செய்தாள். சாயங்காலமும் செய்தாள். அந்தப் பையனைப் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இரண்டாவது போனிலேயே தெரிந்துவிட்டது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நூலகத்துக்குள் அதுவரை போனதில்லை. மேசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் இருந்தார். நோட்டில் பேரும் போன் நம்பரும் எழுதச் சொன்னார். வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்க ஆரம்பித்தார். பாட்டன் பேர் என்ன? பூட்டன் பேர் என்ன? பூர்வீகம் எந்த ஊர்? நிலம் எந்தப் பக்கம் இருந்தது?

எனக்குத் தெரிந்து இவ்வளவையும் கேட்பவன் நிலப் புரோக்கர்தான். நம்பரில் கடைசி எண்ணை மாற்றி எழுதியிருந்தேன். பூர்வீகம் வைகை அணைப் பக்கம் என்றேன். பூட்டன் பேருக்கு என் மாமனாருடைய பாட்டன் பேரைச் சொன்னேன்.

அவர் அதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். இன்னொரு தாளை என் பக்கம் தள்ளினார். “கீழ இருந்து மேல போகணுங்கய்யா. முதல்ல உங்க பேரு. அதுக்கு மேல அப்பா, அம்மா. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல, அது யாரு சொல்லித் தெரியும்னு எழுதுங்க. யாரும் சொல்லலைன்னா கேள்விக்குறி போடுங்க.”

எழுதினேன். பேர்களைவிடக் கேள்விக்குறிகள் அதிகம். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லாம் ஆம்பளையா இருக்கு. பொம்பளைக எங்கன?”

“அவுக பேரு யாருக்குத் தெரியும்?”

“பொண்ணு எங்கயிருந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு தெரியாம மொறையை எப்படிங்கய்யா கண்டுபிடிப்பீக?”

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வாரம் ஒரு நாள் பஸ் ஏறினேன். மூன்றாவது முறை போனபோது மேசையில் பழைய புத்தகங்கள் அடுக்கி இருந்தன. எல்லாம் அணைப் பக்கத்து ஊர்களைப் பற்றியவை. ஒவ்வொன்றிலும் காகிதத் துண்டு செருகி வைத்திருந்தார்.

“நீங்க சொன்ன பேரு எதுலயும் இல்லங்கய்யா. கேட்டுக்கலாம்னு உங்க நம்பருக்குக் கூப்பிட்டேன். பெரியகுளத்துல ஒரு கறிக்கடைக்காரர் எடுத்தாரு. எத்தனை கிலோன்னு கேட்டாரு.”

எனக்குக் காது சுட்டது. பூட்டன் பேரும் பொய், ஊரும் பொய் என்று ஒப்புக்கொண்டேன். நிலத்துக்குத்தான் கேட்கிறார் என்று நினைத்ததையும் சொன்னேன்.

“நெலம் எனக்கெதுக்கு? இருக்கிற வீட்டைக் கூட்டவே நேரமில்ல” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உண்மையான பேரையும், ஊர் சுருளிப்பட்டி என்பதையும் சொன்னேன். அந்த ஊர்ப் பேரை எதிலோ படித்த ஞாபகம் அவருக்கு வந்தது. அவர் எழுந்து போய் இரும்பு பீரோவிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து வந்தார். மாப்பிள்ளை வீட்டுக் கோயிலின் கும்பாபிஷேக மலர். கோயில் வந்த கதை நாலாம் பக்கத்தில் இருந்தது. விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

அந்தக் கோயிலை வைத்தவர் சின்ன வயதில் அப்பன் ஆத்தாளை இழந்தவர். தன் குலசாமி எதுவென்று அவருக்குத் தெரியாது. சுருளிப்பட்டியில் பெண் கட்டி மாமனார் வீட்டோடு இருந்தார். பிறகு வருசநாட்டுப் பக்கம் காடு திருத்தப் போனார். கும்பிடச் சாமி வேண்டுமே என்று மனைவியின் பிறந்த வீட்டுக் கோயிலில், மச்சினன் கையால் பிடிமண் வாங்கிப் போனார். மச்சினன் பேரும் அதில் இருந்தது. அது பங்காளி அண்ணனுடைய பூட்டன் பேர். அண்ணனுக்கு வைத்ததும் அந்தப் பேர்தான்.

மண் எங்களுடையது. ஆனால் எடுத்துப்போனவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை. அப்படியானால் அவர்கள் பங்காளி இல்லை. மாமன் மச்சான். பெண் கொடுக்கலாம்.

எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன் சந்தேகம் வந்தது. “தாயி, பேச்சு வந்ததும் சம்பந்தி வீட்டுல இதை அடிச்சுக் கொண்டாந்து வச்சிருந்தா?”

அவர் முதல் பக்கத்தில் இருந்த முத்திரையைக் காட்டினார். பிறகு நூலகத்துக்கு வரும் புத்தகங்களைப் பதியும் தடித்த பதிவேட்டைக் கொண்டுவந்தார். அந்த மலர் வந்த தேதி என் மகள் பிறப்பதற்கு ஆறு வருஷம் முந்தியது. மேல்வரியும் கீழ்வரியும் அதே கையெழுத்து. மை ஒரே மாதிரி வெளுத்திருந்தது. நகத்தால் சுரண்டியும் பார்த்தேன்.

“இந்தச் சந்தேகம் நல்லதுங்கய்யா. ஆனா போன் நம்பர் மட்டும் ஒழுங்காக் குடுங்க” என்றார்.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து அண்ணனிடம் காட்டினேன். அவர் கையில் வாங்கவில்லை.

“ஜெராக்ஸுல என்ன வேணாலும் வரும்டா.”

“வாங்கண்ணே. பொஸ்தகத்தையே பாப்போம்.”

வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். நூலகத்தில் மலரை முன்னும் பின்னும் புரட்டினார். பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். நாலாம் பக்கத்தில் தன் பேர் அச்சில் இருப்பதைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“எங்க பூட்டன்தான்” என்றார். “அவருக்கு ஒரு தங்கச்சி கிழக்க போச்சுன்னு எங்கய்யா சொல்லுவாரு. எங்கன்னு சொன்னதில்ல.”

“அப்பக் கல்யாணம்?”

“நான் எப்படா வேணாம்னேன்? மொறையைப் பாருன்னுதான் சொன்னேன்.” எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். “மண்ணு குடுத்தது எங்க வீடு. சபையில மொத தாம்பூலம் எனக்குத்தான், பாத்துக்க.”

சரி என்றேன். இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிற ஆள் இல்லை அவர்.

வைகாசியில் கல்யாணம். முதல் தாம்பூலம் அவர்தான் வாங்கினார். நூலகத்தில் தானே தேடிப்பிடித்து முறையைக் கண்டுபிடித்ததாக வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. சம்பந்தி வீட்டார் என்னை மணமேடைக்கு முன்னால் வந்து நிற்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். போகவில்லை. மூன்றாவது முடிச்சு விழும்வரை அண்ணன் மேல் ஒரு கண் வைத்தபடி அவர் பக்கத்திலேயே நின்றேன்.