பாயசம் குடிக்காத அப்பன்

எழுபதுகளின் கடைசியில், போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் எஸ்டேட் ஜீப்பில் ஒரு சர்ச் உபதேசியார் என் எதிரே உட்காருவார். வெள்ளை ஜிப்பா, வளைவுக்கு வளைவு குலுங்குகிற தொந்தி. எதைக் கேட்டாலும் ஓர் ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டுதான் பதில் சொல்வார். பிரசங்கம் என்றாலே எனக்கு எரிச்சல். அவரிடம் மட்டும் கோபமே வராது.

ஒருநாள், ஏலக்காய் பறிக்கப் போகும் அம்மாள் ஒருத்தி அவரை மடக்கினாள்.

"ஐயா, எங்கப்பன் உங்க ஏசு பேரைக் கேக்காமலே செத்துப்போனாரு. அவரு நரகத்துல கெடந்தா, நான் மட்டும் மோட்சத்துக்கு வரமாட்டேன்."

ஏலக்காய் வாய்க்குள் போனது.

"அப்பா என்ன சோலி பாத்தாரு ஆத்தா?"

"ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர்ல."

"ஏலக்காய் போட்ட பாயசம் குடிச்சிருக்காரா?"

"கஞ்சிக்கே வழியில்ல, பாயசத்துக்கு எங்க போக? ஆனா அவரு வந்தா வீடே மணக்கும்."

"வாயில படாமலே வாசம் ஏறுச்சுல்ல? ஏசு பேரு காதுல விழாதவங்க மேலயும் அவரு வாசம் ஏறும் ஆத்தா."

அவள் விடவில்லை. "சொல்லாமலே மணக்கும்னா, நீங்க எதுக்கு இந்த வயசுல மெனக்கெட்டு மலையேறி வர்றீங்க?"

ஜீப்பே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அவர்தான். சிரித்துக்கொண்டே ஜிப்பாப் பையைத் துழாவினார். பை காலி.

அவள் முந்தியில் முடிந்திருந்த ஏலக்காய் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. மென்னுட்டு மெதுவாச் சொல்லுங்க."

மெட்டு வரும்வரை அவர் மென்றுகொண்டேதான் இருந்தார். பதில் தெரியாமல் அவ்வளவு சந்தோஷமாக இருந்த மனிதரை நான் பிறகு பார்த்ததில்லை.