உட்கார்ந்து செய்யும் வேலை

ஒரே பாத்திரத்துச் சோற்றைத் தின்னும் வீட்டில், ஒருவனுக்கு மட்டும் நுரையீரலில் பூஞ்சை பிடிப்பது எப்படி? அப்போது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் பதில் தெரியவில்லை, இதை எழுதுபவனுக்கும்தான்.

செடி நர்சரி நடத்திய அவன் அக்காவிடம் மட்டும் ஒரு பதில் இருந்தது: தம்பி பொண்டாட்டி. சின்ன வயதிலேயே தம்பிக்குக் கழுத்தில் கட்டி கட்டியாக வந்து சீழ் வைக்கும். ஆனால் அவன் காய்ச்சலும் இருமலுமாக ஆஸ்பத்திரியில் படுத்தது கல்யாணத்துக்குப் பிறகுதான். அக்காவுக்கு அது போதும். தம்பி வீட்டு அடுப்படியைக் கண்கொத்திப் பாம்பாகச் சுற்றினாள். பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று ரொட்டியைப் புரட்டிப் பார்த்தாள். டிபன் டப்பாவை மோந்தாள்.

"என்ன அண்ணி, விஷமா வச்சிருக்கேன்?" என்றாள் தம்பி மனைவி.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"மூக்கு சொல்லுதே."

தம்பி வீடு திரும்பியதும் அக்கா முடிவு கட்டிவிட்டாள். பகலெல்லாம் அவன் தன் கண்ணெதிரே இருக்க வேண்டும், தன் கையால் சாப்பிட வேண்டும்.

"நர்சரிக்கு வந்துடுடா. காத்தோட்டமா இருக்கும்."

"தொட்டி தூக்கத் தெம்பில்லக்கா."

"உன்னை யாரு தூக்கச் சொன்னா? உட்கார்ந்து பை நிரப்பு."

அந்த நர்சரியில் அது வழக்கம். உடம்புக்கு முடியாதவர்கள் நிழலில் உட்கார்ந்து, மக்கிய இலை உரத்தை அள்ளி நாற்றுப் பைகளில் போடுவார்கள். கிளறினால் சாம்பல் மாதிரி தூசி எழும்பும். தம்பி முகத்தைத் துடைத்துத் துடைத்து நிரப்பினான். வாரம் முடிவதற்குள் மூச்சு முட்டி விழுந்தான்.

"இந்தத் தடவை நான்தான் சாப்பாடு போட்டேன், டாக்டர்" என்றாள் அக்கா, குழம்பிப்போய்.

"சாப்பாடு இருக்கட்டும். என்ன வேலை பாத்தார்?"

"உட்கார்ந்து பை நிரப்புறது."

"எதை?"

அக்கா சொன்னாள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

ரத்தப் பரிசோதனை முடிந்ததும் டாக்டர் விளக்கினார். "மக்கின இலையில இந்தப் பூஞ்சை ஏராளமா இருக்கும். நாம சுவாசிச்சா நம்ம வெள்ளை அணுக்கள் அதைக் கொன்னுடும். இவரோடது விழுங்குது, ஆனா கொல்ல முடியல. பிறவிக் குறை. அம்மா வழியில வந்திருக்கு."

"எங்கம்மா நல்லாத்தானே இருந்தாங்க?"

"அம்மாக்கள் பெரும்பாலும் நல்லாத்தான் இருப்பாங்க, ஆம்பளப் பிள்ளைங்களைத்தான் அது தாக்கும். உங்களுக்கும் அது வந்திருக்கலாம். பையன் இருக்கானா?"

"இருக்கான்" என்றாள் அக்கா. பள்ளி முடித்துவிட்டு வீட்டில் இருந்த மகனுக்கு அக்குளில் கட்டி. சூட்டுக் கட்டி என்று அவளே சொல்லி வைத்திருந்தாள். அவனைப் பரிசோதனைக்கு இழுத்துப் போனது தம்பி மனைவிதான். அக்காவால் தம்பியின் கட்டிலைவிட்டு நகர முடியவில்லை.

மகனுக்கும் அதே குறை. பூஞ்சை பிடிக்கும் முன்பே அவனுக்குத் தடுப்பு மாத்திரை தொடங்கியது. தம்பி மெதுவாகத் தேறினான். உரக் குவியல் பக்கம் இருவரும் போவதில்லை. அக்காவின் சந்தேகம் மட்டும் போகவில்லை. இப்போது அவள் ஈரச் சுவரையும் பூந்தொட்டியையும் முறைக்கிறாள்.

"நல்லவேளை, என் டப்பா தப்பிச்சுது" என்கிறாள் தம்பி மனைவி.

திரும்பத் திரும்பக் கட்டியும் நெஞ்சு நோயுமாகப் படுப்பவர் உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இருந்தால், இதை அங்கே சொல்லுங்கள். அந்த வீட்டில் யாராவது ஒரு மருமகள் பழி சுமந்துகொண்டிருந்தால், முதலில் அவளிடம் சொல்லுங்கள்.