அம்மன் வாங்கிய பத்திரம்

கமிட்டியில் இருந்த பதினோரு ஆண்களுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை கிடையாது. அதனால்தான் என்னைக் கோயில் பொருளாளராக்கினார்கள். நான் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் டீச்சர். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளை மாலைவரை பார்த்துக்கொள்வது என் வேலை. "இருவது புள்ளைங்க சண்டைய தீக்கிறவங்களுக்கு எங்க பதினோரு பேரு சண்ட பெருசா?" என்றார் தலைவர். அவர் மலையில் சுப்பவைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் எல்லோரையும் வேலைக்கு விரட்டும் குரலில்தான் பேசுவார். நான் சாதாரண தரப் பரீட்சைக்கு வணிகம் படித்திருந்தேன் என்பதைக் கேட்டதும் அவருக்கு என்னை ஒரு வங்கி மனேஜர் போலவே தோன்றிவிட்டது.

கோயிலில் கொஞ்சம் காசு சேர்ந்திருந்தது. ஒவ்வொரு வீட்டுச் சம்பளத்திலும் மாதா மாதம் கோயிலுக்கென்று பிடித்த காசு. மாரியம்மனுக்குக் கோபுரம் கட்டவேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. கட்டுமளவுக்கு இன்னும் நாலைந்து வருடம் ஆகும். அதுவரை அதைச் சும்மா வங்கியில் தூங்கவிடாமல் எங்காவது போட்டு வளர்க்கலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

எட்டாம் லயத்து அக்கா, எங்கள் வரிசை வீடுகளில் எட்டாவது வரிசையில் இருப்பவர், அன்றைக்கே எச்சரித்தார். நல்ல கொழுந்துக்காரி, வாயும் விரலும் ஒரே வேகத்தில் ஓடும். "இங்க பாருங்க டீச்சர். இன்னும் கொஞ்ச வருஷத்துல நான் வேலையில பேரை வெட்டிக்கிட்டு நிப்பேன். மாசா மாசம் சம்பளத்துல புடிச்ச என் ஈபிஎப் காசு வந்ததும் நான் வீட்டுக்கு அத்திவாரம் போடுறேன். நீங்க அம்மனுக்குக் கோபுரம் போடுங்க. ரெண்டுல ஒன்னு கொறஞ்சாலும் விட மாட்டேன்" என்றார்.

போடுவது எங்கே? இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, கொடகவெல டவுனில் கோயிலுக்கு மளிகைச் சாமான் தரும் முஸ்லிம் கடைக்காரருடையது. நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவர் ஏதோ ஒரு கம்பெனியில் முன்னுரிமைப் பங்கு வாங்கியிருந்தார். "வட்டி நமக்குச் சரிவராது டீச்சர். இது லாபத்துல பங்கு. கம்பனி லாபம் பிரிக்கக்குள்ள மொதல்ல நமக்குத் தரணும். மத்தவங்களுக்கெல்லாம் பொறகுதான்" என்றார்.

இதை நான் கமிட்டியில் சொன்னதும் ஆண்களின் முகமெல்லாம் மலர்ந்தது. எங்கள் திருவிழாவில் முதல் மாலை யாருக்கு என்பதற்காக ஒருமுறை பொலிஸே வந்து போயிருக்கிறது. "அம்மனுக்கு மொத மரியாத குடுக்கிற கம்பெனியா? அப்ப அதுதான்" என்றார் தலைவர்.

இரண்டாவது யோசனை என்னுடையது. அரசாங்கத்தின் திறைசேரி முறி. 'முறி' என்ற சொல்லே அபசகுனம் என்று தலைவர் முகம் சுளித்ததால் நாங்கள் அதைப் பத்திரம் என்றே சொல்லிவந்தோம். நாம் அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கிறோம். அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி தரும். நாலு வருடம் முடிந்ததும் முதலைத் தரும். "கம்பெனி ஓடிப் போகலாம். அரசாங்கம் எங்கங்க ஓடிறப் போகுது?" என்று கேட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை அடுத்த இரண்டு வருடமும் தோட்டமே எனக்குத் திருப்பிச் சொன்னது.

எங்கள் கோயிலில் அம்மனுடைய காசில் கைவைப்பதற்கு முன் அம்மனைக் கேட்டாக வேண்டும். ஒரு வாளி வாங்கக்கூட அப்படித்தான். ஒரே மாதிரி இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளைப் பூ. அம்மன் காலடியில் வைப்பார்கள், ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். சிவப்பு வந்தால் நானாவின் பங்கு, வெள்ளை வந்தால் என் பத்திரம் என்று முடிவாயிற்று. எடுக்க வந்தது என் காம்பராவில் இருக்கும் மூன்று வயதுப் பெண். அவளை எனக்குத் தெரியும். பிஸ்கட் நீட்டினால் ஒன்றோடு நிறுத்துகிற ஜாதி இல்லை. நேரே போனாள், இரண்டு பொட்டலத்தையும் அள்ளிக்கொண்டாள்.

பூசாரி கெஞ்சினார், கொஞ்சினார், கடைசியில் ஒரு வாழைப்பழத்தைக் காட்டினார். ஒன்றைத் திருப்பி வைத்தாள். கையில் இருந்ததைப் பிரித்தால், வெள்ளை. "அம்மனுக்குத் திருப்பிக் குடுத்தது தானே அம்மனுக்குப் புடிச்சது?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். தலைவர், கையில் இருப்பதே கணக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மறுநாள் நான் டவுனுக்குப் போய்ப் பதினொரு சதவீத வட்டியில் பத்திரத்தை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

ஏழெட்டு மாதம்கூட ஆகவில்லை. வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. பெற்றோல் இல்லை, கேஸ் இல்லை, பால்மா இல்லை. மறுநாள் காலை நான் பெரட்டுக் களத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறேன். வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எல்லோரும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். எட்டாம் லயத்து அக்கா கூடையோடு நின்று, "டீச்சர், அரசாங்கம் அங்கயே இருக்குதா? எங்கயும் ஓடலியே?" என்று சத்தமாகக் கேட்டார். கொழுந்துக்காரிகள் நாற்பது பேரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று பிள்ளைகளுக்குத் தாலாட்டுக்கூட அதட்டலாகத்தான் வந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. புதிதாக வந்த மூன்று மாதப் பத்திரத்துக்கு அரசாங்கம் முப்பது சதவீதம் வட்டி தருகிறது என்று செய்தி வந்தது. தலைவர் காம்பரா வாசலுக்கே வந்துவிட்டார். "ஊரே முப்பது வாங்குது. நீங்க அம்மனப் பதினொன்னுல கட்டிப் போட்டுட்டீங்களே!" என்றார். பழையதை விற்றுவிட்டுப் புதியதை வாங்குகிறேன், போதுமா என்று கத்திவிட்டு அரைநாள் லீவு போட்டு வங்கிக்குப் போனேன்.

வங்கியில் இருந்த சிங்களப் பெண் பொறுமைசாலி. "தென் விக்குனுவொத் பாடுயி, மிஸ்" என்றார். இப்போது விற்றால் நட்டம். ஏன் நட்டம், அதே பத்திரம்தானே, அதே காசுதானே என்று நான் சண்டைக்கு நின்றேன். அவர் ஒரு கடதாசியில் மாடு வரைந்தார். ஒரு போத்தல் பால் தரும் மாட்டை நீங்கள் விற்கப் போகிறீர்கள். பக்கத்திலேயே அதே விலைக்கு மூன்று போத்தல் தரும் மாடு கிடைக்கிறது. உங்கள் மாட்டை யார் அந்த விலைக்கு வாங்குவார்? விலையைக் குறைத்தால்தான் வாங்குவார்கள். "ஆனால் விற்காமல் வைத்திருந்தால் சொன்ன பால் கிடைக்கும், கடைசியில் மாடும் உங்களுடையது" என்றார். அந்தக் கடதாசியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கமிட்டிக்கு விளங்கப்படுத்த அதைவிட நல்ல படம் எனக்கு வராது.

திரும்பும் வழியில் நானாவின் கடைக்குப் போனேன். அவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று இடித்துச் சொல்லப்போகிறார், வாங்கிக் கட்டிக்கொள்வோம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனேன். மனுஷன் வெறும் பருப்பு மூட்டைக்கு முன்னால் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன நானா, மொத மரியாத வந்திச்சா?"

"கம்பனி ஈக்குது டீச்சர், லாபம்தான் இல்ல. மொதல்ல நமக்குத்தான் தருவாங்க. ஆனா தர ஒன்டும் இல்லயாம்."

"விக்கலாமே?"

"யார் வாங்குற? பாதி வெலக்கும் கேக்க ஆளில்ல."

பொங்கல் பானை காலியான பிறகு வரிசையில் முதலாவதாக நின்று என்ன பயன்? சிரிக்கத்தான் வந்தேன்; அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. அரைக் கிலோ சீனி தேவையில்லாமலே வாங்கிக்கொண்டு வந்தேன். குழந்தை கையில் சிவப்புப் பூ மிஞ்சியிருந்தால் என் கதி என்னவாகியிருக்கும் என்று வழியெல்லாம் நினைத்து, கோயில் வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டேன்.

மறு வருடம் நிஜமான பயம் வந்தது. உள்நாட்டுக் கடனிலும் அரசாங்கம் கைவைக்கப் போகிறது என்று பேச்சு. அதற்காக வங்கிகளை ஐந்து நாள் மூடுவதாகவும் அறிவித்தார்கள். எங்கள் பத்திரம் உள்நாட்டுக் கடன்தான். பத்திரத்தின் மதிப்பை வெட்டினால் கோபுரம் போயிற்று. கோபுரம் போனால் இந்தத் தோட்டத்தில் நான் தலைகாட்ட முடியாது. அந்த ஐந்து நாளும் காலையில் பிள்ளைகளை விட வரும் தாய்மார் ஒவ்வொருவரும் பால் போத்தலைக் கையில் தந்து, "அம்மன் காசு என்னாச்சுங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டே போனார்கள்.

எட்டாம் லயத்து அக்கா இந்தமுறை கிண்டல் செய்யவில்லை. மூன்றாம் நாள் கோயிலில் எல்லோர் முன்னாலும் நேர்த்தி வைத்தார். "தாயே, ஒங் காசு ஒரு சதம் கொறையாம வந்திரணும். நான் தீச்சட்டி எடுக்கிறேன்." அம்மனுடைய காசைக் காப்பாற்றும்படி அம்மனிடமே ஒருத்தி நேர்த்தி வைக்கிறாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

முடிவு வந்த அன்று பேப்பரை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். ஒரு கல்லின் மேல் ஏறி நின்று சத்தமாக வாசித்தேன். எங்களைப் போன்ற சின்னச் சின்ன ஆட்கள் வாங்கிய பத்திரங்களைத் தொடவில்லை. ஓய்வுகால நிதிகள் வைத்திருக்கும் பத்திரங்களைத்தான், வட்டி குறைந்த, நீண்ட காலப் பத்திரங்களாக மாற்றப்போகிறார்கள்.

"அது யாரு காசு டீச்சர்?" என்று அக்கா கேட்டார்.

"அது யாரோ பெரிய ஆளுங்க காசு, அக்கா. கொழும்புப் பக்கம். நம்ம தப்பிச்சிட்டோம்!"

குலவை கிளம்பியது. தலைவர் தன் சொந்தச் செலவில் பட்டாசு வெடித்தார். அது அவர் வாழ்க்கையிலேயே நடக்காத காரியம். சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலையோடு தீச்சட்டி ஏந்தி லயத்தையெல்லாம் சுற்றிவந்தார். கங்கு அணையவே இல்லை. நான் முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் திருவிழாவிலும் இருந்ததில்லை.

பத்திரம் சென்ற வருடம் முதிர்ந்து, முதல் முழுதாக வந்தது. சீமெந்தும் கம்பியும் விலை ஏறிப்போனதால் கோபுரம் பாதிதான் எழும்பியிருக்கிறது. "பாதியா இருந்தாலும் பழுதில்லாத பாதி" என்று தலைவர் இப்போது டவுனெல்லாம் சொல்லித் திரிகிறார். வெள்ளைப் பூவைத் தேர்ந்தெடுத்ததே தாம்தான் என்பதுபோலவும் ஒரு கதை உலவுகிறது. இருக்கட்டும்.

போன மாதம் அக்கா செக்ரோல் வேலைப் பதிவேட்டில் பேரை வெட்டிக்கொண்டு ஓய்வு பெற்றார். ஈபிஎப் கடதாசியோடு காம்பராவுக்கு வந்தார். அங்கே இருப்பதெல்லாம் குழந்தைகளின் குட்டி நாற்காலிகள். அவர் ஒன்றில் முழங்காலை மடித்து உட்கார்ந்தார்.

"முப்பத்திரெண்டு வருஷக் கொழுந்து, டீச்சர். மேசன்கிட்ட காட்டினேன். அத்திவாரத்துக்கே பத்தாதாம். கூரைத் தகரம் மாத்தலாமாம். எங்கயாவது தப்பா எழுதிட்டாங்களா, பாருங்க."

பார்த்தேன். தப்பு எதுவும் இல்லை. காசு குறையவில்லை, விலைவாசி ஓடிய ஓட்டத்துக்கு அது வளரவில்லை. ஏன் என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். "உங்க ஈபிஎப் காசையும் பத்திரத்துலதான் போட்டு வெச்சிருந்தாங்க அக்கா. அரசாங்கப் பத்திரம். அந்த அஞ்சு நாள்ல..." என்று சொல்லிவந்தவள் நின்றுவிட்டேன். ஓய்வுகால நிதி. ஈபிஎப் என்பது அதுதானே. கல்லின் மேல் ஏறி நின்று நான் வாசித்த அதே வரி. வணிகம் படித்த எனக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை. என் சம்பளத்திலும் மாதா மாதம் பிடிக்கிறார்களே, எனக்கே உறைக்கவில்லை. இவர் காசை வட்டி குறைத்து மாற்றியதற்கு இவரையே பொங்கல் வைக்கச் செய்து, தீச்சட்டியும் ஏந்த வைத்து, நான் முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா சிரிக்கத் தொடங்கினார். குட்டி நாற்காலி கிறீச்சிட்டது.

"அப்ப அந்தக் கொழும்புப் பெரிய ஆளு நாந்தானா டீச்சர்?"

"நானும்தான் அக்கா."

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடதாசியை நாலாக மடித்து இடுப்பில் செருகி எழுந்தார். வாசலில், செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"அம்மன் காசுல ஒரு வாளி வாங்கினாலும் பூப் போட்டுக் கேக்குறோம். எங்கிட்ட ஒரு வார்த்த யாரும் கேக்கலியே, டீச்சர்?"