வேதகிரி ஆச்சாரியின் குட்டைத் துப்பாக்கி

உத்திரமேரூர் கடைத்தெருவில் பம்புசெட்டு பழுது பார்த்துக்கொண்டிருந்த வேதகிரி ஆச்சாரியை யாரும் பெரிய ஆளாக நினைத்ததில்லை. பட்டாளத்தில் இருபது வருஷம் துப்பாக்கிப் பட்டறையில் இருந்துவிட்டு வந்தவர். இடது காது மந்தம். பேச்சும் அளந்துதான். எனக்கும் அவர் வெறும் மோட்டார் ஆச்சாரிதான். எண்பத்து மூன்றாம் வருஷத்துக்குப் பிறகு அவர் எதிரில் பீடி பற்றவைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை.

எல்லாம் என் அண்ணன் தாண்டவராயனால் வந்தது. மானாம்பதியில் எங்களுக்கு வேர்க்கடலைக் கொல்லை. காட்டுப்பன்றிக்காக லைசென்சு எடுத்த ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது, பின்பக்கம் தோட்டா போட்டுத் தாழ்ப்பாள் போல இழுத்து அடைக்கிற மாதிரி. காவலுக்கு இருந்து சுடுவது இருளர் குடியிருப்பிலிருந்து வரும் தண்டபாணி. அவன் பேரையும் லைசென்சில் சேர்த்திருந்தோம். அவன் உட்காரும் ஓலைக் குடிசையில் ஒரு ஆள் மடங்கித்தான் இருக்க முடியும். துப்பாக்கியைத் திருப்பினால் குழல் ஓலையில் சிக்கும். சரசரப்பு கேட்டதும் பன்றி கம்பி நீட்டிவிடும். குடிசையைப் பெரிதாகக் கட்டினால் தீர்ந்தது. அண்ணனுக்கு அந்த யோசனை வருமா? துப்பாக்கியைக் குட்டையாக்கவேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

"கொழல அறுக்கமாட்டேன் நாய்க்கரே. ஆனா வேற வழி ஒண்ணு கீது" என்றார் வேதகிரி.

பட்டறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினார். வெளிநாட்டில் இதைப் புல்பப் என்பார்களாம். பட்டாளத்தில் ஒரு பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறார். விசையை முன்னால் கொண்டுவந்துவிட்டு, தோட்டா வெடிக்கிற இரும்புப் பகுதியைத் தோளில் வைக்கும் கட்டைக்குள் தள்ளிவிடுவது. குழல் அதே நீளம், துப்பாக்கி மட்டும் ஒரு முழம் குறையும்.

"லாபம் இன்னான்னா, குடிசைக்குள்ள நல்லா சொழட்டலாம், பொதருல பூந்து வரலாம். குண்டு போற தூரம் கொறையாது. நஷ்டமும் கீது. பின்பக்கம் கனக்கும். விசைலேர்ந்து நீட்டுக் கம்பி போவுதா, அழுத்தறது மந்தமா இருக்கும். எல்லாத்துக்கும் மேல, வெடிக்கிற எடம் கன்னத்தாண்ட வந்துடும். பழைய துப்பாக்கி கெட்டா கை போவும். இது கெட்டா மூஞ்சி போவும்."

"சுடறவன் தண்டபாணிதான?" என்றார் அண்ணன். கூடப்பிறந்தவர்தான், ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது.

வேதகிரி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தாலுகா ஆபீசில் எழுத்தில் அனுமதி வாங்கிவரச் சொன்னார். அது வந்த பிறகு தண்டபாணியைக் கூப்பிட்டு ஒரு விதி சொன்னார். பத்து நாள் சும்மா கிடந்த துப்பாக்கியைக் கன்னத்தில் வைக்கக்கூடாது. துப்பாக்கியை வண்டிச் சக்கரத்தில் கட்டி, முதல் வெடியைக் கயிற்றால் விசையை இழுத்துத்தான் போடவேண்டும். "பன்னி எதிர்ல நின்னாலும் அப்பிடித்தான்" என்றார்.

செய்து முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. பலா மரக் கட்டையில் இரும்பு எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. தண்டபாணி ஒரே மாதத்தில் மூன்று பன்றி அடித்தான். தாமலிலிருந்தெல்லாம் ஆட்கள் பஸ் ஏறி வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வந்த கண்ணெல்லாம் சேர்ந்துதான் வினையாயிற்று. ஆயுத பூஜை வந்தது. அண்ணி ஆதிலட்சுமி துப்பாக்கியை நிமிர்த்திச் சாத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, கண்ணேறு கழிய கோலிக்குண்டு அளவு எலுமிச்சம்பழம் ஒன்றைக் குழல் வாயில் வைத்தாள். பழம் வழுக்கி உள்ளே போய்விட்டது. பூஜைப் பொருள், உள்ளே இருந்தால் நல்லதுதானே என்று அவளும் விட்டுவிட்டாள். மழை பிடித்துக்கொண்டது. துப்பாக்கி பன்னிரண்டு நாள் பூஜை அறையிலேயே கிடந்து, அன்று ராத்திரிதான் தண்டபாணி கைக்குப் போனது.

பதின்மூன்றாம் நாள் காலையில் நானும் அண்ணனும் கொல்லைக்குப் போனால், கால் காணி கடலையைப் பன்றிகள் உழுது போட்டிருந்தன. தண்டபாணி குடிசை வாசலில் தோட்டா போட்ட துப்பாக்கியோடு நின்றிருந்தான்.

"இன்னாடா பண்ணிக்கினு இருந்த? தூங்கினியா?" என்றார் அண்ணன்.

"இல்ல சாமி. பன்னி பத்தடியில நின்னுச்சி. துப்பாக்கி சும்மா கெடந்தது, இருட்டுல கட்டிப் போட வழியில்ல. கயிறு போடாம சுடக்கூடாதுன்னு ஆச்சாரி சொல்லிகீறாரு. தோட்டா வேற கொஞ்சம் இறுக்கமா எறங்கிச்சி. தகரத்தத் தட்டித் தட்டித் தொரத்தப் பாத்தேன், போவல."

அண்ணனுக்கு வந்ததே கோபம். "கொடு இங்க, நான் சுட்டுக் காட்டறேன்" என்று பிடுங்கிக் கன்னத்தில் வைத்துவிட்டார். தண்டபாணி அவர் மேல் கை வைத்தான். எங்கள் ஊரில் அவன் சாதிக்காரன் ஒரு நாய்க்கரின் கையைப் பிடித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"வாணாம் சாமி. ஒரே ஒரு வாட்டி கயிறு போட்டுப் பாத்துடு. அப்பறம் என்னிய அடி, ஊர வுட்டே தொரத்து, வாங்கிக்கிறேன்."

அண்ணன் உதறிப் பார்த்தார். பிடி தளரவில்லை. "ஆவட்டும், அப்பறம் உனக்கு கீது" என்று கறுவிக்கொண்டே சம்மதித்தார். வண்டிச் சக்கரத்தில் கட்டினோம். கயிற்றை அண்ணனே இழுத்தார்.

காது அடைத்துப்போயிற்று. புகை விலகியபோது கட்டையில் கன்னம் வைக்கும் இடமே இல்லை. குழலின் அடிப்பக்கம் பூசணிக்காய் பிளந்ததுபோல் பிளந்திருந்தது. ஒரு துண்டு இரும்பு பின்னால் இருந்த பனைமரத்தில் விரல் ஆழம் இறங்கியிருந்தது. அண்ணன் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் சைக்கிளில் போய் வேதகிரியை அழைத்து வந்தேன். குழலுக்குள்ளிருந்து கருகிய எலுமிச்சைத் தோலை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அண்ணியைக் குறை சொல்வார் என்று பயந்தேன். சொல்லவில்லை.

"பழம் யார் வோணா போடுவாங்க. வெடிக்கிறத மொகத்தாண்ட கொண்டாந்து வெச்சது நானு" என்றார். அதன் பிறகு எத்தனையோ பேர் கேட்டும் அப்படி ஒரு துப்பாக்கியை அவர் செய்யவில்லை.

அன்று திரும்பும் முன் தண்டபாணியிடம் கேட்டார்: "பன்னி எதிர்ல நின்னுதே, நாய்க்கர் அடிப்பாருன்னும் தெரியும். எப்பிடிடா சுடாம இருந்த?"

"நீ செஞ்சி முடிச்ச அன்னிக்கி நான் பட்டறை வெளிய நின்னுக்கினு இருந்தேன் ஆச்சாரி. கயிறு கட்டிப் போட்டுட்டு, அப்பறம் பத்து வாட்டி உன் கன்னத்துல வெச்சி சுட்ட. ஏன்னு உன் வூட்டுக்காரம்மா கத்துனாங்க. 'அவன் மூஞ்சி வேற, என் மூஞ்சி வேறயா'ன்னு கேட்ட. எங்க ஆளுங்களுக்கு ஒருத்தரும் அப்பிடி சொன்னதில்ல. உன் சொல்ல நான் எப்பிடி மீறுவேன்?"

வேதகிரி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் எழுந்து வந்து தண்டபாணியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.