அரசிதழ் எண்

மகளின் கல்லூரி நூலகத்தில் அந்துருண்டை வாசனை அடித்ததும் எங்கள் ஊர்க் கல்லூரி நூலகம் நினைவுக்கு வந்தது. அந்தக் கட்டடம் இப்போது இல்லை. என் அம்மா அங்கே கூட்டிப் பெருக்கியதால், பள்ளி விட்டதும் நான், புத்தகக் கார்டுகள் அடுக்கிய மர டிராயர்கள் இழுபடும் சத்தத்தைக் கேட்டபடி மூலையில் உட்கார்ந்திருப்பேன். பேராசிரியரே கேட்டாலும் நூலகர் அம்மா புத்தகத்தை எடுத்து நீட்டமாட்டார். தேடும் முறையைக் காட்டி, "நீங்களே எடுங்க சார், அப்பதான் மறக்காது" என்பார்.

நாங்கள் குத்தகைக்கு உழுத நிலத்தை மிராசுதார் விடச் சொன்னபோது, அந்த அம்மா அப்பாவையும் அப்படித்தான் தேடவைத்தார். குத்தகைதாரர் பெயரைப் பதிந்துவிட்டால் நிலத்தைவிட்டு எளிதில் வெளியேற்ற முடியாது என்னும் சட்டம் அரசிதழில் கிடைத்தது. அப்பா அதன் எண்ணைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டு போனார். தாலுக்கா ஆபீசில் அப்பாவின் பெயர் ஏறியது; நிலம் தப்பியது.

"யாருய்யா சொல்லிக்குடுத்தது?" என்று குமாஸ்தா கேட்க, அப்பா பெருமையாக, "காலேஜ் லைப்ரரி அம்மாதாங்க" என்றுவிட்டார்.

மிராசுதார் கல்லூரிக் கமிட்டியில் இருந்தார். "கண்டவனும் தொடுறதுக்கா காலேஜ் புஸ்தகம்?" என்று நூலகத்துக்கே வந்து கத்தினார். தங்கள் ஆராய்ச்சிக்கு அந்த அம்மாவிடம் வழி கேட்ட பேராசிரியர்கள் தலையைக் குனிந்து பக்கம் புரட்டினார்கள்.

"படிக்கத்தாங்க வச்சிருக்கு" என்றார் அந்த அம்மா. அன்றே வேலை போயிற்று.

வாசலில் அழுத அப்பாவிடம், "அழுவாதீங்க. அந்த நம்பரைப் பக்கத்து வயக்காரங்களுக்கும் சொல்லிடுங்க" என்றார்.

அப்பா சொல்லவில்லை. பயம். அடுத்த நடவுக்குள் மூன்று குடும்பங்கள் நிலமிழந்து கூலிக்குப் போயின. அந்த எண் எனக்கும் மனப்பாடம். அந்த மூன்று வீட்டுப் பெண்பிள்ளைகளோடுதான் தினமும் பள்ளிக்கு நடந்தேன். ஒருநாளும் வாய் திறக்கவில்லை.