கழுவிய சுவர்

கொசுமாமா என்றால்தான் அவரை நாலு பேருக்குத் தெரியும். மூளைக்காய்ச்சல் தலைகாட்டினால் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகச் சுவருக்கு மருந்தடிப்பது அவர் வேலை. மருந்து காய்ந்த சுவரில் உட்கார்ந்த கொசு பிழைக்காது. ஆனால் சுவரைக் கழுவினால் எல்லாம் போச்சு.

மனைவி இருந்த காலத்தில் அவர் வாசல் மிதிக்குமுன் குழாயடியில் குளித்தாக வேண்டும். சட்டைக்குத் தனி வாளி. தொட்ட தாழ்ப்பாளுக்குக்கூடச் சோப்புத் தண்ணீர். "அப்பா மேல மருந்து, கிட்டப் போகாத" என்று கேட்டே வளர்ந்தாள் ஒரே மகள். மனைவி போய்ச் சேர்ந்தாள். மகளும் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போனாள். அந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டுபோனாள்.

இந்த மழைக்கு மகள் தெருவில் ஒரு குழந்தை காய்ச்சலில் படுத்துவிட்டது. மாமா முதல் வேலையாக மகள் வீட்டுக்குத்தான் மருந்தடித்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் சுவர் பளிச்சென்று இருந்தது.

"என்னம்மா, கழுவிட்டியா?"

"பின்ன? நீங்க வந்துட்டுப் போனா அம்மா கழுவாம விட்டிருக்காங்களா?"

"இது கழுவக் கூடாதும்மா. பேரன் இருக்கிற வீடு."

"தெரியும்ப்பா. உங்க வாசம் வந்தாலே கை தன்னால வாளிக்குப் போகுது."

மறுபடி அடித்தார். மறுபடி கழுவினாள். பேரன் அவரிடம் தாவினான். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "குளிச்சிட்டு வாங்கப்பா" என்றாள். கோபிக்க அவருக்கு மனம் வரவில்லை. சொல்லிக்கொடுத்ததே அவர் வீடுதானே.

அடுத்த முறை கூட வேலை பார்க்கும் நெட்டையனை மருந்தடிக்க அனுப்பிவிட்டுத் தெருமுனையிலேயே நின்றுகொண்டார். ரெண்டு நாள் கழித்து நெட்டையன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"சுவரு அப்படியே இருக்குண்ணே. மருந்து திட்டுத்திட்டா வெள்ளையா நிக்குது, கையே வைக்கல."

"பையன்?"

"என் காலக் கட்டிக்கிட்டான், விடவே மாட்டேங்கறான். உங்க பேரன்தானே, கொசு மாதிரி ஒட்டிக்கிட்டான்."

மாமா சிரித்தார்.

"நீங்க ஏன் வரலன்னு கேட்டாங்கண்ணே."

"வேற தெருவுக்குப் போட்டுட்டாங்கன்னு சொல்லு. காய்ச்சல் அடங்குற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

சாயங்காலம் வீடு திரும்பியவர் குழாயடியில் தேய்த்துக் குளித்தார். சட்டையைத் தனி வாளியில் ஊறப்போட்டார். தாழ்ப்பாளைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டுக் கதவைத் தள்ளினார். உள்ளே விளக்குப் போட ஆளில்லை.